எழுத்தும் எண்ணும் திருநாமமும்

ஹீப்ரு நெடுங்கணக்கின் 22 எழுத்துகளும் எண்களாகவும் விளங்குகின்றன. முதல் எழுத்தாகிய ஆலெப் ஒன்று. பத்தாவதாகிய யோத் பத்து. அதன்பின் மதிப்பு பத்துப் பத்தாக ஏறி, பிறகு நூறு நூறாக உயர்ந்து, கடைசி எழுத்தாகிய தாவ் 400 ஆகிறது. மேளகர்த்தா ராகங்களின் பெயரிலேயே அவற்றின் எண்ணைப் பொதிந்து வைத்த கடபயாதி முறையை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

பதினொன்று என எழுத யோத்தும் ஆலெப்பும் போதும். பதினான்கு வரை இவ்வாறே செல்லும். பதினைந்துக்கு யோத்தையும் ஹே என்னும் ஐந்தாம் எழுத்தையும் சேர்க்க வேண்டும். ஆனால், அவ்விரண்டும் சேர்ந்தால் 'யாஹ்' என்ற இறைநாமம் ஆகிவிடுகிறது! எனவே யூதர்கள் பதினைந்தை ஒன்பதும் ஆறுமாக எழுதுகின்றனர். பதினாறையும் இதே காரணத்தால் ஒன்பதும் ஏழுமாகவே எழுதுவர். கணக்கேட்டிலும் நாள்குறிப்பிலும்கூடத் திருநாமம் கவனமின்றிப் புழங்கிவிடக் கூடாது என்னும் அச்சமே இதற்குக் காரணம். அச்சம் என்பதைவிட பக்தி என்பதே பொருந்தும்.

முழுத் திருநாமம் யோத், ஹே, வாவ், ஹே என்னும் நான்கு எழுத்துகளால் ஆனது. மரபு வழுவாத யூதர் அதை உச்சரிப்பதில்லை. வேதத்தில் அது வருமிடத்தில் 'அதோனாய்', அதாவது 'என் ஆண்டவர்' என்று வாசிப்பர். உரையாடலில் 'ஹஷேம்', அதாவது 'அந்தத் திருநாமம்' என்பர்.

அந்நாமத்தின் பொருள் என்ன? யாத்திராகமம் மூன்றாம் அதிகாரத்தில், எரிந்தும் வெந்து போகாத முட்செடியின் முன்னே மோசே இறைவனின் பெயரைக் கேட்கிறார். கிடைத்த விடை 'இருத்தல்' என்னும் வினையடியிலிருந்து பிறந்த 'எஹ்யெ' என்ற சொல். அதை 'இருக்கிறேன்' என்றும் கொள்ளலாம், 'இருப்பேன்' என்றும் கொள்ளலாம். வேதாந்தம் பயின்றவருக்கு உடனே 'ஸத்' நினைவுக்கு வரும். அந்த ஒப்புமை இனியது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்கு இரண்டு வசனங்கள் முன்பு, பார்வோனிடம் செல்லத் தயங்கிய மோசேயிடம், தான் அவரோடு இருப்பதாக இறைவன் வாக்களித்தபோதும் இதே 'எஹ்யெ' என்ற சொல்லே வருகிறது. எனவே, அங்கே 'இருத்தல்' வெறும் தத்துவமன்று. அடிமைப்பட்ட மக்களுக்கு அளித்த துணையும் ஆகும்.

இந்நான்கு எழுத்துகளின் கூட்டுத்தொகை 26. 'எஹாத்' என்றால் ஒன்று; அதன் எழுத்துகளைக் கூட்டினால் 13. 'அஹவா' என்றால் அன்பு, அதுவும் 13. ஒருமையும் அன்பும் சேர்ந்தால் இறைநாமம் என்று இதற்கு விளக்கம் சொல்வர். இவ்வாறு எழுத்துகளைக் கூட்டிப் பொருள் காணும் முறைக்கு 'கெமத்ரியா' என்று பெயர்.

அழகான கணக்குதான். இது நிரூபணமாகுமா? ஆதியாகமம் 14-ஆம் அதிகாரத்தில், சிறைப்பட்ட லோத்தை மீட்க ஆபிராம் 318 ஆட்களுடன் புறப்படுகிறார். அவருடைய ஊழியர் எலியேசரின் பெயரெழுத்துகளைக் கூட்டினாலும் 318 வரும். உடன் சென்றவர் எலியேசர் ஒருவரே என்று தால்முத் விளக்குகிறது. 12-ஆம் நூற்றாண்டின் ஸ்பானிய யூத உரையாசிரியரான ஆபிரகாம் இபின் எஸ்ரா இதை ஏற்கவில்லை. வேதம் கெமத்ரியாவில் பேசுவதில்லை. விரும்புகிறவர் எந்தப் பெயரையும் நன்மைக்கோ தீமைக்கோ திருப்பிக்கொள்ளலாம். பெயர் பெயரே என்பது அவர் கருத்து.

கணக்கறியாதவர் கூறிய மறுப்பன்று இது. இந்திய ஞானிகளின் ஒன்பது இலக்கங்களையும், சுழியத்துக்கு ஒரு வட்டத்தையும் கொண்டு எண்களை எழுதும் முறையை ஹீப்ருவில் விளக்கி நூல் செய்தவரும் அவரே. பெயரெழுத்துகளைக் கூட்டிப் பலன் சொல்வோர் சில வேளை ஹீப்ரு மரபைத் துணைக்கு அழைப்பதுண்டு. இபின் எஸ்ராவின் கருத்தை அவர்கள் சொல்வதில்லை.

அப்படியானால் 13-உம் 13-உம் வீணா? யூதர்கள் காலையிலும் மாலையிலும் ஓதும் 'ஷெமா' உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் உள்ளது. அதன் முதல் வசனம் முடியும் சொல் 'எஹாத்', இறைவன் ஒருவரே என்பது. அடுத்த வசனம் தொடங்கும் சொல் 'வெஆஹவ்தா', நீ அன்பு செலுத்துவாயாக என்பது. ஒருமையையும் அன்பையும் அடுத்தடுத்து வைத்தது வேதமே. கூட்டிப் பார்த்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.