மாலத்தீவுக்கு வேலைக்குப் போறீங்களா?

ராயப்பன்பட்டியிலிருந்து ஆசிரியராகவோ செவிலியராகவோ மாலத்தீவு செல்பவரா நீங்கள்? பெட்டி கட்டும் முன் இதைப் படிச்சிடுங்க.

விசா: அங்கே இறங்கியதும் சுற்றுலாவுக்குத் தரும் அனுமதியில் வேலை பார்க்கக் கூடாது. "முதல்ல வாங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்று முகவர் சொன்னால் நம்பாதீங்க. வேலை அனுமதி உறுதியான பிறகே கிளம்புங்க.

ஒப்பந்தம்: மக்கள் வாழும் தீவுகள் மட்டுமே சுமார் 200. எந்தத் தீவில் வேலை, சம்பளம் எவ்வளவு, தங்குமிடம் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்க.

தடை: மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் கொண்டுபோகக் கூடாது. மருந்து இருந்தால் மருத்துவர் சீட்டும் வேண்டும்.

நடைமுறை: மொழி திவேகி, பணம் ருஃபியா, வார விடுமுறை வெள்ளி, சனி. கடிகாரம் நம்மைவிட அரைமணி நேரம் பின்னால். காவல்துறை எண் 119.

பாஸ்போர்ட், ஒப்பந்த நகல்களை வீட்டிலும் கொடுத்துட்டுப் போங்க. சிக்கல் வந்தால் மாலேயிலுள்ள இந்தியத் தூதரகத்தை அணுக அவைதான் கைகொடுக்கும்.