சங்கிலியில் வளர்ந்த ஷேரு

இந்தியாவின் வடக்கே இமாசலப் பிரதேசம் இருக்கிறது. அங்கே காங்ரா என்று ஒரு மாவட்டம். அதன் வடக்கே தவ்லாதார் மலைத்தொடர். மலை உச்சியில் பனி படிந்திருக்கும்.

அந்த மலைகளில் ஆடு மேய்க்கும் மக்கள் உண்டு. அவர்களுக்குக் கத்தி மக்கள் என்று பெயர். வெட்டும் கத்திக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு இல்லை.

கோடையில் இவர்கள் ஆடுகளை மலைமேல் ஓட்டிச் செல்வார்கள். குளிர் வருமுன் கீழே இறங்குவார்கள். பெரிய நாய்களும் கூடவே போகும். அடர்ந்த முடி, அகன்ற மார்பு, பெரிய தலை. இரவில் கிடையைக் காப்பது அவைதான். சிறுத்தை வந்தால் நாயின் கழுத்தைக் கவ்வும். அதனால் நாயின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை மாட்டுவார்கள்.

அந்த நாய்களில் ஒன்றின் கதை இது.

ரத்தன் வாங்கிய குட்டி

மலை அடிவாரத்தில் ஒரு கிராமம். அங்கே ரத்தன் மளிகைக் கடை வைத்திருந்தார். சித்திரை மாதம். ஆட்டு மந்தை மலை ஏறிக்கொண்டிருந்தது. ரத்தன் ஒரு பெரியவரிடம் நாய்க்குட்டி வாங்கினார். குட்டிக்கு இரண்டு மாதம். ஷேரு என்று பெயர் வைத்தார். சிங்கம் என்று பொருள்.

"கடைக்கு நல்ல காவல்" என்றார் ரத்தன். அன்றே வாசலில் கட்டிப் போட்டார். இரண்டு முழச் சங்கிலி. மழையிலும் வெயிலிலும் ஷேரு அங்கேயே கிடந்தது. ஊசி போடவில்லை. யாரும் அதனோடு பழகவில்லை.

தெருவில் போகிறவர்களைப் பார்த்து ஷேரு குரைக்கும். ரத்தன் அதைத் தட்டிக் கொடுப்பார். பயந்து ஓடுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார். "என் நாயைக் கண்டால் ஊரே நடுங்கும்" என்று பெருமை பேசுவார்.

அவர் மனைவி கமலா பலமுறை சொன்னார். "சின்னப் பிள்ளைகள் வந்து போகிற இடம். கொஞ்சம் யோசியுங்கள்." ரத்தன் கேட்கவில்லை.

மீனாவுக்கு நடந்தது

ஒன்றரை ஆண்டு போனது. ஒரு நாள் பக்கத்து வீட்டு மீனா உப்பு வாங்க வந்தாள். அவளுக்கு வயது 7. அப்போது ஷேரு தின்றுகொண்டிருந்தது. மீனாவைக் கண்டதும் அதன் உடல் விறைத்தது. மெதுவாக உறுமியது. மீனா கவனிக்கவில்லை. ஷேரு பாய்ந்தது. சங்கிலியின் கொக்கி தெறித்தது. மீனாவின் காலில் பற்கள் பதிந்தன.

கமலா ஓடி வந்து கதவுப் பலகையை நடுவே வைத்தார். அதனால் மீனா தப்பினாள்.

மீனாவின் பாட்டி மிளகாய்ப் பொடி எடுத்து வந்தார். அங்கே வந்த ஆஷா பணியாளர் தடுத்தார்.

"வேண்டாம் பாட்டி. மிளகாய், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் கூடாது. முதலில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்."

ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவினார்கள். பிறகு அரசு மருத்துவமனைக்கு ஓடினார்கள்.

"14 ஊசி வயிற்றில் போடுவார்களே, பிள்ளை தாங்குவாளா?" என்று அழுதார் தாய் சீதா.

"அந்தக் காலம் போய்விட்டது அம்மா" என்றார் மருத்துவர். "இப்போது கையில்தான் ஊசி. இன்று ஒன்று. பிறகு 3, 7, 28 நாட்கள் கழித்து. ஒன்றைக்கூட விடக் கூடாது. காயம் ஆழமாக இருப்பதால் காயத்திலும் ஒரு மருந்து போடுகிறோம். வெறிநோயின் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது அரிது. வருமுன் ஊசி போட்டால் தடுத்துவிடலாம்."

பெரியவர் கேட்ட கேள்வி

அன்று மாலை ரத்தன் வீட்டு வாசலில் ஊர் கூடியது. மீனாவின் அப்பா தடியோடு வந்தார். "அந்த நாயை அடித்துக் கொல்லாமல் விடமாட்டேன்" என்றார்.

"காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன்" என்றார் ரத்தன்.

அது ஐப்பசி மாதம். மந்தைகள் கீழே இறங்கும் காலம். குட்டியை விற்ற பெரியவரும் அங்கே வந்திருந்தார். அவர் சங்கிலியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"தம்பி, இதை ஒரு நாளில் எவ்வளவு நேரம் அவிழ்த்து விடுவாய்?"

"அவிழ்ப்பதே இல்லை ஐயா. கடிக்குமே!"

"கடிக்கும் என்று கட்டினாயா? கட்டியதால் கடித்ததா?"

ரத்தன் பேசவில்லை.

"இதனோடு பிறந்த இன்னொன்று என் கிடையில் இருக்கிறது" என்றார் பெரியவர். "இரவில் சிறுத்தை வந்தால் எதிர்த்து நிற்கும். பகலில் என் பேத்தி கொடுக்கும் ரொட்டியை மெதுவாக வாங்கித் தின்னும். அப்போது நான் பக்கத்திலேயே இருப்பேன். அது பலம் உள்ள நாய். அதை நான் மறப்பதில்லை."

"ஒரே தாய்க்குப் பிறந்தவை. எப்படி இந்த வேறுபாடு?" என்று கேட்டார் கமலா.

"முதல் மூன்று மாதம் முக்கியம் அம்மா. அப்போது குட்டி ஆடு, மனிதர், குழந்தை எல்லோரோடும் பழக வேண்டும். பழகாத குட்டிக்கு எல்லாமே பயம். பயந்த நாய் ஓடப் பார்க்கும். கட்டிய நாய் எங்கே ஓடும்? அதனால் கடிக்கிறது."

கால்நடை மருத்துவரும் வந்திருந்தார். "நாயைக் கொல்ல வேண்டாம், விரட்டவும் வேண்டாம்" என்றார் அவர். "பாதுகாப்பான இடத்தில் அடைத்து 10 நாள் கவனிக்க வேண்டும். வெறிநோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். விரட்டிவிட்டால் எப்படித் தெரியும்? அது இன்னொரு பிள்ளையையும் கடிக்கலாமே. ஆனால் மீனாவின் ஊசியை இதற்காக நிறுத்தி வைக்கக் கூடாது."

சட்டம் சொல்வது

பஞ்சாயத்துத் தலைவி சட்டத்தை விளக்கினார்.

"2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டம் நடப்பில் உள்ளது. அதில் 291ஆம் பிரிவு இருக்கிறது. தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் காப்பது வளர்ப்பவர் கடமை. கவனக்குறைவாக இருந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்த்தும் கிடைக்கலாம்.

"1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் உண்டு. மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க விடாததும் குற்றம்."

ரத்தன் தலை குனிந்தார். "தப்பு என்னுடையது. மீனாவின் செலவை நான் ஏற்கிறேன். நாயையும் நானே சரியாகப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். மீனாவின் அப்பா தடியைக் கீழே போட்டார். ஆனால் அவர் ரத்தனோடு பேசவில்லை.

பிறகு

10 நாளும் ஷேரு நலமாக இருந்தது. மீனா எல்லா ஊசிகளையும் போட்டுக்கொண்டாள். ஷேருவுக்கும் ஊசி போட்டார்கள். வீட்டின் பின்னால் உயரமான சுவர் எழுப்பினார் ரத்தன். ஷேரு இப்போது அதற்குள் அவிழ்ந்து திரிகிறது. காலையும் மாலையும் ரத்தன் அதை நடக்க அழைத்துப் போகிறார். அப்போது வாய்க்கூடு மாட்டுகிறார். கயிற்றைக் கையில் இறுகப் பிடிக்கிறார். சொன்னதைக் கேட்டால் ஒரு துண்டு ரொட்டி கொடுக்கிறார். அடிப்பதில்லை.

ஷேரு கொஞ்சம் மாறியிருக்கிறது. முழுதும் மாறவில்லை. அந்நியர் வந்தால் இன்னும் உறுமுகிறது. அதனால் குழந்தைகளை அதன் அருகே விடுவதில்லை. மீனாவும் அந்தக் கடைக்கு வருவதில்லை. உப்பு வேண்டுமென்றால் கமலாவே கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

நினைவில் வையுங்கள்

1. பெரிய நாயை வாங்கும் முன் இடம், நேரம், தீனிச் செலவு மூன்றையும் எண்ணிப் பாருங்கள்.

2. குட்டிக்கு 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். பிறகு மருத்துவர் சொல்லும் காலத்தில் தவறாமல் போடுங்கள்.

3. உடல் விறைப்பது, முறைப்பது, பல்லைக் காட்டுவது, உறுமுவது எல்லாம் எச்சரிக்கை. உறுமும் நாயை அடிக்காதீர்கள். அடித்தால் உறுமாமலே கடிக்கப் பழகும். அது உறுமும் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

4. தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் இவற்றின் அருகே போகக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

5. நாய் எதிரே வந்தால் ஓடக் கூடாது. அதன் கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது. அசையாமல் நின்று, மெல்லப் பின்வாங்க வேண்டும்.

6. கடித்தால் சோப்பு, தண்ணீர், 15 நிமிடம். உடனே மருத்துவமனை.

பேசிப் பாருங்கள்

ஷேரு கடித்ததற்கு யார் யார் பொறுப்பு? ஏன்?

உங்கள் தெருவில் எப்போதும் கட்டியே கிடக்கும் நாய் உண்டா? அதன் வீட்டாரிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

உங்கள் ஊருக்கு அருகே வெறிநாய்க்கடி ஊசி எங்கே போடுகிறார்கள்? கேட்டு, இங்கே எழுதி வையுங்கள்.