இரவல் சைக்கிளும் மார்க்கச் சட்டமும்

"காக்கா, பத்து நிமிஷம் சைக்கிளைத் தாங்க, கடைக்குப் போய் ஓடி வந்துவிடுகிறேன்."

இந்தச் சொல்லைக் கேளாத வீடு நம்மவரிடையே அரிது. கேட்பவர் உடன்பிறந்த தம்பியாக இருப்பார், மச்சானாக இருப்பார், அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருப்பார். கொடுக்காவிட்டால் மனத்தாங்கல். கொடுத்த சைக்கிள் வளைந்த சக்கரத்துடன் திரும்பினாலோ, திரும்பாமலே போனாலோ அதனிலும் பெரிய மனத்தாங்கல். பத்து நிமிஷத்து இரவல் முற்றி, பெருநாளன்றுகூட இரு குடும்பத்தார் முகங்கொடுத்துப் பேசாத நிலையில் வந்து நிற்பதும் உண்டு. ஆகவே இவ்விஷயத்தில் மார்க்கம் கூறுவதென்ன என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

சிறு பொருள்தானா?

"சைக்கிள்தானே!" என்று சிலர் எண்ணலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம் முன்னோர் பலர் சைக்கிளில் ரொட்டியை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாய் விற்றுப் பிழைத்தவர்கள். அவர்களுக்குச் சைக்கிளே கடை, சைக்கிளே முதல். அந்த வருமானத்தில்தான் ஊரில் அடுப்பெரிந்தது, குமருகள் கரையேறின.

இன்றும் நிலைமை முற்றிலும் மாறிவிடவில்லை. சிங்கப்பூரில் 2019 நவம்பரில், நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர் ஓட்டக்கூடாது என்ற தடை வந்தபின், வீடுதோறும் உணவு கொண்டுசெல்லும் தொழிலாளர் பலர் சைக்கிளுக்கு மாறினர். அத்தகையோருக்கு ஒரு நாள் சைக்கிள் இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை. எனவே ஒருவரிடம் சைக்கிளை இரவல் கேட்பது, சில சமயம் அவருடைய அன்றாடப் பிழைப்பையே இரவல் கேட்பதாகும்.

கொடுப்பதன் சிறப்பு

இரவலுக்கு அறபியில் 'ஆரிய்யத்து' என்று பெயர். பொருளின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதன் பயனை மட்டும் கூலியின்றிப் பிறருக்கு அனுமதிப்பதே ஆரிய்யத்து என்று பிக்ஹுக் கிதாபுகள் விளக்குகின்றன.

திருக்குர்ஆனின் 107ஆவது அத்தியாயத்துக்கு 'அல்மாஊன்' என்று பெயர். தொழுகையில் அசட்டையாக இருப்போரையும், பிறர் காணத் தொழுவோரையும் கண்டித்த பின், 'மாஊனை'த் தடுப்போரையும் அவர்களுடன் சேர்த்து அவ்வத்தியாயம் கண்டிக்கின்றது. மாஊன் என்பது ஜகாத்தே என விளக்கிய ஸஹாபாக்கள் உண்டு. ஆனால், வாளி, பானை போன்ற புழங்கு பொருள்களை ஒருவருக்கொருவர் இரவல் கொடுப்பதையே தாங்கள் மாஊன் என்று கருதிவந்ததாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அண்டை வீட்டாருக்கு ஒரு வாளியை மறுப்பதையும் மார்க்கம் இலேசாக எண்ணவில்லை என்பது இதனால் விளங்கும்.

இரவல் கொடுப்பது சாதாரணமாக சுன்னத்தான நற்செயலாகும். குளிரில் நடுங்குபவனுக்குப் போர்வை கொடுப்பதுபோன்ற அவசர நிலைகளில் அது கடமையாகவே ஆகிவிடும் என்பர் ஆலிம்கள். அவ்வாறன்றி, தன் பிழைப்புக்கே அந்தப் பொருள் வேண்டியிருப்பவர் மறுத்தால் அவரைக் குறை கூறலாகாது. "தம்பி, ஆறு மணிக்கு வேலைக்குப் போகவேண்டும், சைக்கிள் இல்லாமல் முடியாது" என்று அவர் நல்ல வார்த்தையாகச் சொல்லட்டும். கேட்டவரும் முகம் சுளிக்காமல் திரும்பட்டும்.

நாயகத்தின் இரு முன்மாதிரிகள்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே இரவல் வாங்கியிருக்கின்றார்கள். மதீனாவில் ஒரு சமயம் பகைவர் வந்துவிட்டனரோ என்ற பீதி எழுந்தது. அண்ணலார் அபூதல்ஹா (ரலி) அவர்களின் 'மன்தூப்' என்னும் குதிரையை இரவல் வாங்கி, அதில் ஏறிச் சென்று நிலைமையைப் பார்த்து வந்தார்கள். அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை என்று மக்களைத் தேற்றியதுடன், அக்குதிரையின் வேகத்தைக் கடலுக்கு ஒப்பிட்டுப் புகழவும் செய்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் இதனை அறிவிக்கின்றார்கள். இரவல் வாங்கிய பொருளைப் பற்றி நல்ல சொல் சொல்லித் திருப்புவது நாயகத்தின் பண்பு. நம்மில் சிலரோ, "என்ன சைக்கிள் இது, பெடல் நகரவே மாட்டேன் என்கிறது!" என்று குறைகூறிக்கொண்டே சாவியை நீட்டுகின்றோம்.

மற்றொன்று ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 630) நிகழ்ந்தது. ஹுனைன் போருக்குப் புறப்படுமுன், அப்பொழுது இஸ்லாத்தைத் தழுவியிராத ஸப்வான் இப்னு உமைய்யா என்பாரிடம் நாயகம் (ஸல்) அவர்கள் போர்க்கவசங்களைக் கேட்டார்கள். மக்காவோ அவர்கள் கைவசமாகியிருந்தது. பறித்துக்கொள்வதற்காகக் கேட்கின்றீர்களோ என்று ஸப்வான் வினவ, அப்படியல்ல, பொறுப்பேற்றுக் கொள்ளும் இரவலாகவே கேட்பதாக அண்ணலார் மறுமொழி கூறினார்கள். பின்னர் சில கவசங்கள் காணாமற் போயின. நாயகம் (ஸல்) அவர்கள் தாமாகவே ஈடு தர முன்வந்தார்கள். ஸப்வானின் உள்ளமோ அதற்குள் இஸ்லாத்தின்பால் திரும்பியிருந்ததால் அவர் ஈடு வேண்டாமென்றார். வெற்றி பெற்ற தலைவர், தோற்ற ஊரார் ஒருவருக்குத் தாமே பிணையாக நின்ற இச்செய்தியை நாம் மறத்தலாகாது.

நஷ்டம் யாருடையது?

இங்கேதான் சண்டைகள் பிறக்கின்றன. தமிழ் முஸ்லிம்களாகிய நம்மில் ஷாபிஈ, ஹனபி ஆகிய இரு மத்ஹபினரும் உள்ளோம். இவ்விஷயத்தில் இரண்டும் வேறுபடுகின்றன.

ஷாபிஈ மத்ஹபில், இரவல் பொருளுக்கு வாங்கியவரே பிணை. ஜும்ஆவுக்குச் சென்றவர் பள்ளிவாசல் வாசலில் சைக்கிளை நன்றாகப் பூட்டி வைத்தார். தொழுதுவிட்டு வந்தால் காணோம் என்று வைத்துக்கொள்வோம். அவர் கவனக்குறைவாக இல்லாவிட்டாலும் ஈடு கொடுக்கவேண்டும். எவ்வளவு? அது காணாமற்போன நாளில் அதற்கிருந்த மதிப்பு. ஐந்து வருஷம் ஓடிய சைக்கிளுக்குப் புதுச் சைக்கிளின் விலையைக் கேட்பது நியாயமாகாது.

ஹனபி மத்ஹபில், இரவல் பொருள் வாங்கியவரிடம் உள்ள அமானிதம். அவர் வரம்பு மீறாமலும் கவனக்குறைவு இல்லாமலும் இருந்தால் ஈடு இல்லை. பூட்டாமல் தெருவில் விட்டுச் சென்றாரெனில் அவர் பொறுப்பாளியாவார்.

வாடகைக்கு எடுத்த சைக்கிளின் சட்டம் வேறு. ஷாபிஈ மத்ஹபிலுங்கூட, வாடகைக்கு எடுத்தவர் தவறு செய்யாதவரை நஷ்டத்துக்குப் பொறுப்பாளியல்லர்; ஏனெனில் அவர் பயனுக்குக் கூலி கொடுக்கின்றார். இரவல் வாங்கியவரோ ஒரு காசும் கொடாமல் முழுப் பயனையும் பெறுகின்றார். 'ஓசிதானே' என்று நாம் இலேசாக எண்ணும் பொருளுக்கே கனத்த பொறுப்பு இருப்பதைக் கவனியுங்கள்.

வாங்குவோர் அறியவேண்டியவை

1. அனுமதித்த அளவுக்கே பயன்படுத்த வேண்டும். கடைக்கு என்று வாங்கிக்கொண்டு கடற்கரைவரை செல்வது வரம்பு மீறுதல். ஒருவர் ஏறிச்செல்லக் கொடுத்த சைக்கிளில் கேரியரில் இன்னொருவரை ஏற்றுவதும் அப்படியே.

2. இரவல் வாங்கியதை, சொந்தக்காரரின் அனுமதியின்றி மூன்றாமவருக்குக் கொடுத்தலாகாது. "என் கூட்டாளி கேட்டான், கொடுத்தேன்" என்பது சமாதானமாகாது.

3. அனுமதித்தபடி ஓட்டியதால் டயர் தேய்வது போன்ற இயல்பான தேய்மானத்துக்கு ஈடு இல்லை. பஞ்சரானால் ஒட்டுப்போட்டுத் திருப்புவதே நல்லோர் வழக்கம்.

4. திருப்பிச் சேர்ப்பதும் அதற்காகும் செலவும் வாங்கியவரையே சாரும். சொந்தக்காரர் தம் சைக்கிளைத் தேடி வீடுவீடாக அலையும்படி விடுவது அநீதி. சொந்தக்காரர் எப்பொழுது கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும்.

5. பழுதை மறைத்தலாகாது. பிரேக் தளர்ந்ததைச் சொல்லாமல் மாடிப்படியருகே சாத்திவிட்டு வந்தால், மறுநாள் காலையில் அதில் ஏறுபவரின் உயிருக்கே ஆபத்து.

6. "அவர் ஒன்றும் சொல்லமாட்டார்" என்று கேளாமலே எடுத்துச் செல்வது இரவலே ஆகாது. அவர் மனப்பூர்வமாகச் சம்மதிப்பார் என்பது உறுதியாகத் தெரிந்திருந்தாலொழிய அது பிறர் பொருளில் கைவைப்பதேயாகும்.

கொடுப்போர் அறியவேண்டியவை

கொடுப்பவருக்கும் கடமை உண்டு. சைக்கிளில் உள்ள குறையை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரில் 2022 பிப்ரவரி 1 முதல், சைக்கிளில் சரியாக வேலை செய்யும் கைப்பிரேக் ஒன்றாவது இருக்கவேண்டும் என்பது சட்டம். சாலையில் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற விதி 2019 முதல் உண்டு. ஆகவே சைக்கிளைக் கொடுக்கும்பொழுது தலைக்கவசத்தையும் சேர்த்துக் கொடுப்பது நலம். மின்விசைச் சைக்கிள் ஓட்டுவோர் 2022 ஜனவரி முதல் விதிமுறைத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். தேறாதவர் மருமகனே ஆனாலும் அதைக் கொடுத்தலாகாது.

பிள்ளைகளின் சைக்கிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருவமடையாத பிள்ளை தன் பொருளை இரவல் கொடுக்கும் தகுதி உடையதன்று. பத்து வயதுச் சிறுவன் தன் சைக்கிளைப் பள்ளித் தோழனிடம் கொடுத்துவிட்டு வந்தால், அது முறைப்படி கொடுத்த இரவல் ஆகாது. பெற்றோர் இதை அதட்டாமல் சொல்லிக் கொடுக்கட்டும்: "வாப்பாவிடம் கேட்டுவிட்டுக் கொடு." கொடுக்கும் குணத்தைக் கெடுக்காமல், கேட்டுச் செய்யும் பழக்கத்தை ஊட்டுவதே நோக்கம்.

உறவு முறியாதிருக்க

கொடுத்தவர் ஷாபிஈ, வாங்கியவர் ஹனபி. பூட்டிய சைக்கிள் களவு போயிற்று. இப்பொழுது இருவரும் தத்தம் கிதாபை எடுத்துக்கொண்டு வாதாடினால், சைக்கிளோடு சொந்தமும் போய்விடும். வழக்கு முற்றினால் ஆலிமிடம் சென்று தீர்ப்புக் கேட்பதுதான் முறை. ஆனால் அதற்குமுன் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வாங்கியவர், ஸப்வானுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் செய்ததுபோல், கேளாமுன்னரே ஈடு தர முன்வரட்டும். கொடுத்தவர், வாங்கியவரின் நிலைமையைப் பார்த்து, முழுவதையுமோ பாதியையுமோ மன்னிக்கட்டும். அல்லது மாதம் சில வெள்ளியாகத் தரத் தவணை கொடுக்கட்டும். கண்டிப்பான சட்டத்தை எனக்கும், இளக்கமான சட்டத்தைப் பிறருக்கும் என்று ஒவ்வொருவரும் எண்ணுவாராயின் வழக்கு எங்கே இருக்கும்? நாமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றோம்.

எல்லாவற்றினும் மேலானது, கொடுக்கும்பொழுதே பேசிக்கொள்வது. எங்கே போகிறீர், எப்பொழுது திரும்புவீர், யார் ஓட்டுவார், பூட்டு எங்கே? இந்த நாலு வார்த்தைகளைக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு திருமறையின் 4ஆவது அத்தியாயம் 58ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகின்றது. வீட்டு வாசலில் சாத்தியிருக்கும் சைக்கிளுக்கும் அக்கட்டளை பொருந்தும்.

இன்று வீடு திரும்பியதும், பிறர் பொருள் ஏதேனும் நம் வீட்டில் தங்கியிருக்கின்றதா என்று பார்ப்போமாக. சைக்கிளோ, காற்றடிக்கும் பம்போ, ஒரு பூட்டோ, எதுவாயினும் துடைத்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுப்போமாக. கொடுக்கும் கையையும் திருப்பும் கையையும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.