மரத்தளத்துக்கு முன் தரையைப் பாருங்கள்

நவி மும்பை கோபர்கைரனேயில் புது வீடு வாங்கியவர்கள் நேரே கடைக்குப் போய், தேக்கா ஓக்கா என்று நிறம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தரையை. மேற்கே தாணே கிரீக். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே ஈரம். அடியில் ஈரம் ஏறினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பலகையும் உப்பி ஓரம் தூக்கிவிடும்.

சோதனை எளிது. 18 அங்குலச் சதுரமாகப் பாலித்தீன் ஷீட்டை வெட்டி, வெறும் சிமென்ட் தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். அடியில் நீர்த்துளியோ, தரையில் கருத்த திட்டோ இருந்தால் ஈரம் உண்டு. ஹாலின் நடுவில் மட்டும் ஒட்டிவிட்டு "எல்லாம் சரி" என்பவர்கள்தான் பிறகு அவதிப்படுகிறார்கள். பாத்ரூம் சுவரோரம், பால்கனி வாசல், வெளிச்சுவர் மூலை, மூன்றிலும் ஒட்ட வேண்டும். வெயில் விழும் இடம் வேண்டாம். முடிந்தால் ஜூலை, ஆகஸ்டில் பாருங்கள். ஏப்ரலில் காய்ந்து கிடக்கும் தரையை நம்பாதீர்கள். புதிதாகப் போட்ட கான்கிரீட் என்றால் ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதமாவது காய வேண்டும். ஈரம் தெரிந்தால் கசிவை அடைத்து, மறுபடி சோதித்த பிறகே மேலே போகலாம். தரைத்தள ரோ ஹவுஸில் மரமே வேண்டாம், டைல்ஸ் போடுங்கள்.

தரை மட்டம்: 2 மீட்டர் பட்டியை வைத்தால் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது.

இனி மரம். முழுத் தேக்கு உழைக்கும். ஆனால் அகலப் பலகை மழையில் விரிந்து கோடையில் சுருங்கும். பிளாட்டுக்கு எஞ்சினியர்டு மரமே (பிளைவுட் போன்ற பலகைமேல் நிஜ மர அடுக்கு ஒட்டியது) சரி. கடையில் ஒரே கேள்வி: மேல் மரம் எத்தனை மி.மீ.? 3 இருந்தால் பின்னாளில் இழைத்துப் பாலிஷ் போடலாம். 1-க்குக் கீழ் என்றால் எழுந்துவிடுங்கள். லேமினேட் என்பது மரநார்ப் பலகைமேல் ஒட்டிய படம். குழந்தைகள் ஓடும் ஹாலுக்கு ஏசி4 என்ற தேய்மானத் தரத்துக்குக் குறையக் கூடாது. எதை வாங்கினாலும் சாம்பிள் துண்டு ஒன்றை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் அதன் ஓரம் சொல்வதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

சமையலறை, பூஜை இடம் இரண்டுக்கும் டைல்ஸ்தான். வெள்ளிக்கிழமை வாளி நீர் ஊற்றிக் கழுவும் வீட்டில் மரம் நிலைக்காது. பிழிந்த துணியால் துடைக்கும் பழக்கம் வந்த பிறகு வாங்கலாம்.

பலகைப் பெட்டிகள், தளம் போடும் அறையிலேயே 48 மணி நேரம் படுத்திருக்கட்டும். சுவரோரம் சுற்றிலும் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி கட்டாயம், ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். "இடுக்கே தெரியாமல் டைட்டாகப் போடுகிறேன்" என்று மிஸ்திரி சொன்னால் வேலையை நிறுத்துங்கள். மழையில் விரியும் பலகைக்குப் போக இடம் வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் தூக்கும்.

பணம் கொடுக்குமுன் மேல் மரத்தின் கனத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கேரண்டித் தாளையும் முழுதாகப் படியுங்கள்: பெரும்பாலான கேரண்டிகளில் ஈரத்தால் வரும் சேதம் சேராது.