காளான் குளிசையும் நோயெதிர்ப்புச் சக்தியும்

நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படும் காளான் குளிசைகளைக் கிரவீனில் நம்மவர் வீடுகளிலும் இப்போது காண்கிறோம். காளானில் உள்ள பீட்டா குளூக்கான் வெண்குருதிக் கலங்களைத் தூண்டக்கூடியது. இதில் பொய் இல்லை. ஷிட்டாக்கே காளானிலிருந்து பிரித்த லென்டினான், யப்பானில் 1985இல் இரைப்பைப் புற்றுநோய்க்குத் துணைமருந்தாக அனுமதிக்கப்பட்டது. ஆனால் அது புற்றுநோய் மருந்தோடு சேர்த்து வைத்தியர்கள் ஊசியால் ஏற்றியது. விழுங்கும் குளிசைக்கு அந்தப் பெருமையைக் கடன் கொடுக்க முடியாது.

போத்தலில் உள்ள 'ஆஸ்ட் எல்' எண்ணைக் கண்டு நாம் ஏமாறிவிடக்கூடாது. பலன் உண்டா என்று அரசாங்கம் விற்பனைக்கு முன் சோதித்ததற்கு அது அடையாளமல்ல.

சிறுநீரகம் மாற்றியவர்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்கவே மருந்து எடுக்கிறார்கள். அவர்களே அதைத் தூண்டும் குளிசையையும் எடுத்தால், ஒரு கை கட்டுவதை மறு கை அவிழ்த்த கதைதான். வார்ஃபரின் எடுப்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் ரெய்ஷி குளிசையைத் தொடக்கூடாது.

கறிக்கு வாங்கும் வெண்காளான் வேறு விடயம். சமைக்குமுன் நறுக்கி, கோடை மதிய வெயிலில் அரைமணி நேரம் வையுங்கள். அதில் விற்றமின் டி உண்டாகும். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு இது மிகவும் பயன்படும்.