கைக்காசு போட்டுப் பார்க்கும் வேலை

மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. போனில் பேசினால் நீ “சரி மாமா, சரி மாமா” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ எழுதி அனுப்பியதை “நாளைக்கே பேப்பர் போட்டுவிடவா” என்று ஆரம்பித்து, “இவ்வளவு கடனை வைத்துக்கொண்டு எப்படி மாமா விடுவது” என்று முடித்திருக்கிறாய். நடுவில் கடன் கணக்கை ஒளிக்காமல் எழுதியிருக்கிறாயே, அதற்கே உன்னைப் பாராட்ட வேண்டும். வங்கியில் கடன் பிரிவிலேயே காலத்தைக் கழித்தவன் நான். மேஜைக்கு எதிரே உட்கார்ந்த பலருக்குத் தங்கள் கடன் மொத்தம் எவ்வளவு என்று சொல்லத் தெரியாது. கேட்டால் கோபம்தான் வரும்.

கல்விக் கடன் தவணை 4,200. பைக் 3,600. எடுத்த சீட்டுக்கு 5,000. கிரெடிட் கார்டுக்கு 3,000. ஆக மாதம் 15,800. கைக்கு வருவது 24,000. நீ வேலை பார்க்கிற மாதிரி மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட விதி உனக்கு மனப்பாடம்: ஒரு குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்கோடு ஒரு அம்மா உன் சென்டருக்கு வந்திருந்தால், நீயே ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பாய்.

தங்கை கல்யாணத்துக்குச் சீட்டு எடுத்தாய், சரி. படிப்புக்குக் கடன் வாங்கினாய், அதுவும் சரி. கார்டில் 60,000 எப்படி ஏறியது? குடிப்பவன் இல்லை, சுற்றுபவன் இல்லை. அதற்கும் பதிலை நீயே அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறாய்: “பெண்டிங் காட்டக் கூடாதுன்னு சில வாரம் கைக்காசு போட்டேன்.” நீ அனுப்பியதில் முக்கியமான வரி இதுதான்.

எப்படி நடந்திருக்கும் என்று சொல்லட்டுமா? காலை ஏழரைக்குத் திண்ணையில் கூட்டம். பத்துப் பேரில் இரண்டு பேர் வரவில்லை. ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னொருத்தி கரும்பு வெட்டப் போய்விட்டாள். மற்றவர்கள் அவர்களுக்காகப் போட மாட்டோம் என்கிறார்கள். மதியத்துக்குள் கலெக்‌ஷன் முழுதாக ஏறாவிட்டால் மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்துவார். நீ உன் போனிலிருந்து அனுப்பிவிடுகிறாய். அடுத்த வாரம் பாதி வரும், மீதி வராது. மாசக் கடைசியில் பெட்ரோலுக்குக் கார்டைத் தேய்க்கிறாய்.

இந்த வேலை உன் கடனை அடைக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறாய். அதில் ஒரு பகுதியை இந்த வேலைதான் உண்டாக்கியது. படிக்குமேல் ஆகும் பெட்ரோல் 2,500, கைவிட்டுப் போகும் காசு 1,500 என்று குறைத்தே போட்டாலும் உன் சம்பளம் 20,000தான். விழுப்புரத்து ஹார்டுவேர் கடைக்காரர் கணக்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி 20,000 தருவதாகச் சொன்னதை, “நாலாயிரம் குறைவு, அதுவும் கடை வேலை” என்று ஒரே வரியில் தள்ளியிருக்கிறாய். எனக்கு அதில் ஒரு ரூபாய் குறைவும் தெரியவில்லை. பி.இ. படித்தவன் கடையில் உட்காருவதா என்பதுதான் உறுத்தல் என்றால் அதை நேராகச் சொல். அது வேறு பேச்சு.

கடையில் 15 பேர் வேலை செய்வதாகச் சொன்னாய். 10 பேர் இருந்தாலே இஎஸ்ஐ பொருந்தும். சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் நீ அதில் வருவாய்; உன்னிடம் பிடிப்பது 150 ரூபாய். உன்னை நம்பி இருக்கிற அம்மாவுக்கும் அதில் வைத்தியம் உண்டு. சர்க்கரை மாத்திரைக்கு மாதம் என்ன ஆகிறது என்று அவளைக் கேட்டுப் பார். பிஎஃப்புக்கு 20 பேர் வேண்டும், அதனால் அது இருக்காது. கடைக்காரரிடம் இதையெல்லாம் கூச்சப்படாமல் கேள். கேட்டால் முகம் சுளிக்கிறவர் என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ஆனால் நாளைக்கே பேப்பர் போடாதே. முதலில் கைக்காசு போடுவதை நிறுத்து. இது இன்றிலிருந்து. வராத தவணையை வரவில்லை என்றே ஏற்று. மேனேஜர் கத்தினால் கத்தட்டும். யார் வரவில்லை, எவ்வளவு என்று அன்றன்றைக்கு அவருக்கு மெயிலில் எழுதிவிடு. வசூல் வேலையை விட்டுப் போகிறவன்மேல் பணம் குறைகிறது என்று பழி விழுவது புதிதில்லை. ரசீதும் மெயிலும் இருந்தால் உன்னை யாரும் தொட முடியாது.

அடுத்தது கார்டு. மாதம் மூன்றரை வட்டி என்று ஸ்டேட்மெண்ட் அனுப்பியிருந்தாய். 60,000-க்கு வட்டி 2,100, அதன்மேல் ஜிஎஸ்டி 378. நீ கட்டுகிற 3,000-ல் அசலுக்குப் போவது 522 ரூபாய். பாக்கி நிற்கும் வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் அன்றிலிருந்தே வட்டி. கார்டை வெட்டிப் போடு.

தாத்தா உனக்குப் போட்ட சங்கிலியைக் கொண்டுபோய் வங்கியில் வை. அம்மாவின் தாலிக்கொடியைத் தொடாதே. அவள் தருகிறேன் என்பாள், நீ வாங்காதே. தனியார் கடைக்குப் போகாமல் அரசு வங்கிக்கே போ. மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து, அமிலம் தொட்டுப் பார்த்து, கொக்கியைத் தனியாக உரசி, அரை மணி நேரம் காக்க வைப்பார். பொறுத்துக்கொள். ஆண்டுக்கு 10 ரூபாய் வட்டி என்றே வைத்தாலும் 60,000-க்கு மாதம் 500தான். கையில் காசு வரும்போதெல்லாம் அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். வராத மாதம் சும்மா இருக்கலாம். ஆனால் கெடு தேதியை எழுதி வைத்துக்கொள். மறந்தால் ஏலத்துக்குப் போய்விடும். அப்படிப் போன நகைகளைப் பார்த்திருக்கிறேன், கடன் தொகை பெரிதாகவே இருக்காது.

இப்படிச் செய்தால் 15,800 என்பது 13,300 ஆகிறது. ஐந்து மாதத்தில் பைக் முடிகிறது, 9,700. அப்போது 20,000 சம்பளத்தில் பாதிக்குள் வந்துவிடுவாய். சீட்டு இன்னும் ஏழு மாதம்தானே? அது முடிந்ததும் அந்த 5,000-ஐ அப்படியே சங்கிலிக்குத் திருப்பு.

அந்த ஐந்து மாதம் இழுபறியாக இருக்கும். அம்மாவுக்கு நீ அனுப்புகிற 3,000-ஐ அதுவரை நான் பார்த்துக்கொள்கிறேன். இது கடன் இல்லை, உன் நோட்டில் எழுதாதே. அவளிடமும் சொல்ல வேண்டாம்.

காசு தட்டினால் எதை முதலில் கட்டுவது என்று தடுமாறாதே. சீட்டு முதலில். அதில் ஜாமீன் போட்டவர் பள்ளிக்கூட வாத்தியார். நீ நிறுத்தினால் அவர் சம்பளத்துக்கு ஓலை போகும். பிறகு கல்விக் கடன்; அதில் அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், தவறினால் சிபில் இரண்டு பேருக்கும் கெடும். கட்ட முடியாது என்று தெரிந்தால் தவணைத் தேதிக்கு முன்னாலேயே கிளைக்குப் போய் மேனேஜரைப் பார். 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன், அதன்பிறகு அவர் நினைத்தாலும் கை கட்டப்பட்டுவிடும். தானாக முன்னால் வந்து நின்றவனுக்கு நாங்கள் காட்டிய முகமே வேறு.

வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்து குரூப் 4-க்குப் படிக்கலாமா என்றும் ஒரு யோசனை. படி, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் 2024-ல் முதலில் அறிவித்த இடங்கள் 6,244, எழுதியவர்கள் 15 லட்சத்துக்கு மேல். அந்தத் தேர்வைக் கடன் அடைக்கும் வழியாகக் கணக்கில் சேர்க்காதே. கடை எட்டு மணிக்கு மூடும் என்றாய். இப்போது உனக்கு ராத்திரி பத்து வரை ரிப்போர்ட். படிக்க நேரம் அங்கேதான் கிடைக்கும்.

இன்னொன்று. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு வீட்டு வாசலில் போய் உட்காரச் சொன்னார்கள், அந்தப் பெண் அழுதாள் என்று எழுதியிருந்தாய். உன்னைத் தூங்கவிடாமல் செய்வது கடனைவிட அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டிலும் சட்டம் வந்தது, அதில் ஜெயில் இருக்கிறது. போலீஸ் வந்தால் வாசலில் உட்கார்ந்திருப்பவன் நீ. வாய்மொழியாகச் சொன்ன மேனேஜர் இல்லை. மறுபடி அப்படிப் போகச் சொன்னால் எழுத்தில் கேள். கொடுக்க மாட்டார்கள். அப்படியும் போ என்று நெருக்கினால் நான் மேலே சொன்ன ஒழுங்கு எதையும் பார்க்காதே. கடை வேலை கைக்கு வராவிட்டாலும் சரி, அன்றைக்கே கடிதம் கொடுத்துவிட்டு ஊருக்கு வா. தவணையை எப்படியாவது சமாளிப்போம்.

அப்படி எதுவும் வராவிட்டால், கடைக்காரரிடம் சம்பளத்தையும் சேரும் தேதியையும் ஒரு தாளில் எழுதி வாங்கிய பிறகு ராஜினாமாவை மெயிலில் அனுப்பு. நோட்டீஸ் 30 நாளையும் ஒழுங்காக வேலை செய். ரிலீவிங் லெட்டர் வாங்காமல் நகராதே. கிராஜுவிட்டிக்காகக் காத்திருக்கலாமா என்று யாராவது சொன்னால் கேட்காதே. அதற்கு ஐந்து வருஷம் வேண்டும், உனக்கு மூன்றுகூட ஆகவில்லை. பிஎஃப் பணத்தில் கை வைக்காதே. ஐந்து வருஷத்துக்குள் எடுத்தால் வருமானத்தில் சேரும். விட்டு வைத்தால் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வா. ஒரு வருஷத்துக் கார்டு ஸ்டேட்மெண்டும் சீட்டுப் புத்தகமும் எடுத்து வா. காலையில் பட்டீஸ்வரத்தில் ஒரு கல்யாணம் இருக்கிறது, இரண்டு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். சங்கிலியைப் போட்டுக்கொண்டு வா, எடை போட்டுப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
மாமா
கும்பகோணம்