ஆறு தேசங்களின் பயிற்சியாளர்: டிப்ளமோ மாணவனுக்கு என்ன பாடம்?



ஆண்டு மலருக்கு விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை தருகிறேன் என்றதும் ஹாஸ்டலில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "கிரிக்கெட்டா, கபடியா?" என்பதுதான். இரண்டும் இல்லை, கால்பந்து. அதிலும் கோல் போட்ட வீரரைப் பற்றி அல்ல. கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த ஒரு பயிற்சியாளரைப் பற்றி. பெயர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன். நேபாளம், இந்தியா, மலாவி, சூடான், ருவாண்டா, பாகிஸ்தான் என ஆறு நாடுகளின் தேசிய அணிகளுக்குப் பயிற்சியாளராக இருந்தவர். நம் நாட்டு அணிக்கு மட்டும் இரண்டு தடவை.

இவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தர்மபுரி மாவட்டத்தில் டிப்ளமோ முடிக்கிற நம்மில் பலர் ஓசூர், பெங்களூர், வளைகுடா என்று பெட்டி தூக்கப் போகிறவர்கள். போகிற இடத்தில் மெஷின் நம்முடையது அல்ல. கூட வேலை செய்கிற ஆட்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. பாஷையும் வேறு. காண்ட்ராக்ட் முடிகிற தேதி மட்டும் கண்டிப்பாகத் தெரியும்! அப்படிப்பட்ட இடத்துக்கு ஒருவன் எதைக் கொண்டுபோக முடியும், எதை விட்டுவிட்டு வர முடியும் என்ற கேள்விக்கு இந்த மனிதரின் வாழ்க்கையில் கொஞ்சம் பதில் இருக்கிறது.

யார் இவர்?

1962ல் லண்டனில் பிறந்தவர். சைப்ரஸ் தீவின் உறவும் உண்டு. அமெரிக்காவில் சின்னச் சின்ன கிளப்புகளில் ஆடினார். முழங்கால் காயத்தால் ஆட்டம் முடிந்துபோனது. உலகப் பெயர் பெற்ற வீரராக இருந்து, ஓய்வுக்குப் பிறகு அந்தப் பெயரை வைத்துப் பயிற்சியாளர் ஆகிறவர்கள் ஒரு வகை. இவருக்கு அந்த வழி இல்லை. பயிற்சியாளருக்கான சான்றிதழ்களைப் படிப்படியாகப் படித்தார். ஐரோப்பாவின் உச்சப் படியான 'புரோ' லைசென்ஸ் வரை போனார். சொல்லப்போனால், ஆடிக் காட்டிய பெயரில் அல்ல, படித்து வாங்கிய தகுதியில் வேலை தேடியவர்.

முதலில் வேலையைப் புரிந்துகொள்வோம்

கிளப் பயிற்சியாளர் வேறு, தேசிய அணிப் பயிற்சியாளர் வேறு. கிளப்பில் வீரர்கள் தினமும் காலையில் மைதானத்துக்கு வருவார்கள். பத்து மாதம் கூடவே இருப்பார்கள். ஒரு இடத்தில் ஆள் சரியில்லை என்றால் பணம் கொடுத்து வேறு ஆளை வாங்கலாம். தேசிய அணியில் இது எதுவும் நடக்காது. வீரர்கள் தங்கள் தங்கள் கிளப்பில் இருப்பார்கள். ஃபிஃபா ஒதுக்கிய நாட்களில்தான் வருவார்கள். சில நாள் பயிற்சி, உடனே மேட்ச், மறுபடியும் கிளப்புக்குப் போய்விடுவார்கள். கோல் கீப்பர் கிடைக்கவில்லை என்று பக்கத்து நாட்டிலிருந்து வாங்க முடியாது. அந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவன்தான் ஆட முடியும்.

ஆக, தேசிய அணிப் பயிற்சியாளர் கையில் இருப்பது மூன்றே மூன்று: யாரைத் தேர்ந்தெடுப்பது, கிடைத்த சில நாட்களில் என்ன சொல்லிக் கொடுப்பது, யாரோடு மேட்ச் வைப்பது. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பார்கள். இந்த வேலையில் கூடம் உண்மையிலேயே கோணல்தான். இருந்தும் ஆடித்தான் ஆக வேண்டும்.

காத்மாண்டுவில் தொடக்கம்

1999ல் நேபாளம் அவருக்கு வாய்ப்புக் கொடுத்தது. அதே ஆண்டு காத்மாண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் நேபாளம் இறுதி ஆட்டம் வரை வந்து, வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்று வெள்ளி பெற்றது. பெரிய நாட்டு வேலைக்குக் காத்திருக்காமல், கிடைத்த சின்ன வேலையைச் செய்து காட்டினார். அடுத்த கதவு அதனால்தான் திறந்தது.

2002ல் இந்தியா அழைத்தது. அதே ஆண்டு வியட்நாமின் ஹோ சி மின் நகரில் நம் அணி எல்.ஜி. கோப்பையை வென்றது. 2003ல் ஹைதராபாத்தில் நடந்த ஆப்பிரிக்க - ஆசிய விளையாட்டுப் போட்டியில் இறுதி ஆட்டத்தில் உஸ்பெகிஸ்தானிடம் 0-1 என்று தோற்று வெள்ளி. 2005ல் வேலை முடிந்தது. இங்கிலாந்தில் மில்வால் கிளப்பில் பயிற்சியாளர் குழுவில் கொஞ்ச காலம். பிறகு ஆப்பிரிக்கா.

ஆப்பிரிக்காவில் இரண்டு பாடங்கள்

2007ல் மலாவி. இவர் அங்கே பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. 2008ல் விலகினார். அடுத்து வந்தவர் கின்னா பிரி என்ற மலாவிக்காரர், அந்நாட்டின் பழைய வீரர். அவர் காலத்தில்தான் மலாவி 1984க்குப் பிறகு முதல் தடவையாக ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தகுதி பெற்று, 2010ல் அங்கே அல்ஜீரியாவை 3-0 என்று வென்றது. வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்றாலே கெட்டிக்காரன் என்று நாம் நினைக்கிறோமே, அதற்கு இது நல்ல மருந்து. நம் நாட்டிலும் அப்படித்தான். 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வரை கொண்டுபோன பயிற்சியாளர் எஸ்.ஏ. ரஹீம், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

சூடானுக்குப் பிறகு, 2014ல் ருவாண்டா. இங்கே நடந்தது ஒவ்வொரு டிப்ளமோ மாணவனும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஆப்பிரிக்கக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் ருவாண்டா காங்கோவிடம் முதல் ஆட்டத்தில் 0-2 என்று தோற்றது. சொந்த ஊரில் 2-0 என்று திருப்பி அடித்து, பெனால்டியில் ஜெயித்தது. ஊரே கொண்டாடியது. சில வாரத்தில் எல்லாம் போனது! அணியில் ஆடிய ஒருவருக்கு கிளப்பில் ஒரு பெயர், ஒரு பிறந்த தேதி. தேசிய அணியில் வேறு பெயர், வேறு தேதி என்று காங்கோ புகார் கொடுத்தது. 2014 ஆகஸ்டில் ருவாண்டாவைப் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். மைதானத்தில் ஜெயித்தது காகிதத்தில் தோற்றது. பயிற்சி, வியூகம், உழைப்பு எல்லாம் ஒரு சரிபார்க்காத ஆவணத்தின் முன்னால் ஒன்றுமில்லாமல் போனது.

173லிருந்து 96

2015 ஜனவரியில் இந்தியா அவரை மறுபடியும் அழைத்தது. மார்ச் மாதம் நம் தரவரிசை 173. ஜூனில் குவாம் என்ற தீவிடம் 1-2 என்று தோற்றோம். குவாமில் 2 லட்சம் பேர்கூட இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் மட்டும் 15 லட்சத்துக்கு மேல் மக்கள். பத்திரிகைகள் சும்மா விடுமா? ஆனால் 2017 ஜூலையில் அதே அணி 96ஆம் இடத்தில் இருந்தது. 77 படி ஏற்றம். எப்படி?

முதலாவது, தேர்வு. பெயர் பெற்ற பழையவர்களையே நம்பாமல் இளைஞர்கள் பலருக்கு முதல் வாய்ப்புக் கொடுத்தார். இரண்டாவது, அளவீடு. வீரர்களின் ஓட்டம், உடல் தகுதி, சாப்பாடு எல்லாவற்றையும் அளந்து பார்க்கும் விளையாட்டு அறிவியல் ஆட்களை அணியோடு சேர்த்தார். மூன்றாவது, மேட்ச் தேர்வு. இதுதான் கணக்கு தெரிந்தவர்களுக்கு சுவாரஸ்யமானது.

அப்போதைய ஃபிஃபா கணக்கு இதுதான்: ஒரு மேட்சின் புள்ளி = முடிவு x மேட்சின் முக்கியத்துவம் x எதிரணியின் பலம் x கண்ட மதிப்பு. வெற்றிக்கு 3, டிராவுக்கு 1. நட்பு ஆட்டத்துக்கு முக்கியத்துவம் 1. தகுதிச் சுற்றுக்கு 2.5. எதிரணியின் பலம் என்பது 200லிருந்து அதன் தரவரிசையைக் கழித்தது. 150க்குக் கீழே உள்ள அணிகளுக்கு 50. ஆசியாவுக்குக் கண்ட மதிப்பு 0.85.

120ஆம் இடத்து ஆசிய அணியை நட்பு ஆட்டத்தில் வென்றால், 3 x 1 x 80 x 0.85 = 204. அதே அணியைத் தகுதிச் சுற்றில் வென்றால் 510. 160ஆம் இடத்து அணியை நட்பு ஆட்டத்தில் வென்றால் 127.5 மட்டுமே. ஒரு வருடத்தில் ஆடிய மேட்சுகளின் சராசரியைத்தான் எடுப்பார்கள். ஆகவே கண்ட கண்ட நட்பு ஆட்டம் ஆடினால், ஜெயித்தால்கூட சராசரி குறையலாம். யாரோடு, எப்போது ஆடுவது என்பதே ஒரு திட்டமிடல்! இந்தக் கணக்கு முறை 2018 ஆகஸ்டில் மாற்றப்பட்டுவிட்டது.

"அப்போ இது வெறும் கணக்கு வித்தைதானா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நேபாளம், லாவோஸ், மக்காவ் போன்ற அணிகளை ஜெயித்து ஏறிய ஏற்றம் அது என்று விமர்சித்தவர்கள் உண்டு. பந்தை நீளமாகத் தூக்கி அடிக்கிற பழைய ஆட்டம் என்றும் சொன்னார்கள். ஆனால் எண்ணிக்கை மட்டும் ஏறவில்லை. 2017 ஜூனில் பெங்களூர் கண்டீரவா மைதானத்தில் கிர்கிஸ்தானை 1-0 என்றும், அக்டோபர் 11ஆம் தேதி அதே மைதானத்தில் மக்காவை 4-1 என்றும் வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றோம். நம்ம ஊரிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போகிற இடம்தான் அந்த மைதானம்.

ஒரு நிமிடம்

2019 ஜனவரி 6. அபுதாபியில் ஆசியக் கோப்பையின் முதல் ஆட்டம். தாய்லாந்தை 4-1 என்று வீழ்த்தினோம். சுனில் சேத்ரி 2 கோல். சென்னை ரசிகர்களுக்கு அப்போது சென்னையின் எஃப்.சி. வீரர்களாகப் பழக்கமான அனிருத் தாப்பாவும் ஜேஜேவும் ஆளுக்கு ஒன்று. 1964க்குப் பிறகு ஆசியக் கோப்பையில் இந்தியாவின் முதல் வெற்றி அது. தோற்ற தாய்லாந்து மறுநாளே தன் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பியது. இந்தத் தொழிலின் லட்சணம் அப்படி!

அடுத்து ஐக்கிய அரபு எமிரேட்சிடம் 0-2 தோல்வி. ஜனவரி 14ல் பஹ்ரைனோடு கடைசி ஆட்டம். டிரா ஆனாலே போதும், அடுத்த சுற்று. 90 நிமிடம் 0-0. அதற்கு மேல் கொடுத்த கூடுதல் நேரத்தில் நம் பக்கம் ஒரு ஃபவுல், பெனால்டி, கோல். போட்டியிலிருந்து வெளியேறினோம். அன்றே கான்ஸ்டன்டைன் ராஜினாமா செய்தார்.

எனக்கு இந்த இடம்தான் அதிகம் உறைக்கிறது. நாலு வருட வேலை, மற்றவன் காலில் நடந்த ஒரு நிமிடத்தில் முடிகிறது. அவர் போய் உதைக்க முடியாது, தடுக்கவும் முடியாது. மேற்பார்வை வேலை எல்லாமே இப்படித்தான். நாளை சைட்டில் சூப்பர்வைசராக நின்றால், கான்கிரீட்டைக் கலக்குவது வேறொருவர் கை, கையெழுத்து நம்முடையது.

கதை அதோடு முடியவில்லை. 2022 - 23ல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப். பிறகு 2023ல் பாகிஸ்தான். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத நாடு அது. அந்த அக்டோபரில் கம்போடியாவோடு முதல் ஆட்டம் 0-0. இஸ்லாமாபாத்தில் இரண்டாவது ஆட்டம் 1-0. பாகிஸ்தானின் முதல் தகுதிச் சுற்று வெற்றி! இந்திய அணியை இரண்டு தடவை நடத்தியவரை அவர்களும் கூச்சமில்லாமல் அழைத்தார்கள், இவரும் போனார்.

நமக்கு என்ன?

இவரை மகா மேதை என்று நான் சொல்ல வரவில்லை. மலாவியில் முடியவில்லை, 2019ல் கடைசி நிமிடத்தில் தவறியது. ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் அவர் ஒரு வீரனையும் எடுத்துப் போகவில்லை, பணமும் எடுத்துப் போகவில்லை. எடுத்துப் போனது வேலை செய்கிற முறையை. இருப்பதை அளந்து பார்ப்பது, புதியவனுக்கு வாய்ப்புக் கொடுப்பது, விதிமுறையை முழுக்கப் படித்துத் திட்டம் போடுவது. இது எந்த கஸ்டம்ஸிலும் மாட்டாத சரக்கு.

விட்டுவிட்டு வந்தது? 2015 - 19ல் முதல் வாய்ப்புப் பெற்ற பையன்களில் சிலர், அவர் போன பிறகும் பல வருடம் இந்தியாவுக்கு ஆடினார்கள். தரவரிசை ஏறும், இறங்கும். ஆட்கள் மிஞ்சுகிறார்கள். காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிற நாமும், அங்கே நமக்குக் கீழே ஒரு ஹெல்பருக்கு வெர்னியர் பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தால் அதுவும் அந்தக் கணக்குதான்.

கடைசியாக, மாலையில் நம் மைதானத்தில் கால்பந்து ஆடுகிற நண்பர்களுக்கு ஒரு செய்தி. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் பயிற்சியாளர்களுக்கு 'டி', 'சி', 'பி', 'ஏ', 'புரோ' என்று படிப்படியாகச் சான்றிதழ் படிப்பு வைத்திருக்கிறது. டிப்ளமோவிலிருந்து லேட்டரல் என்ட்ரியில் டிகிரி போவது மாதிரிதான். மாநில அணியில் ஆடியிருந்தால்தான் முதல் படியில் கால் வைக்க முடியும் என்பதில்லை. நமக்கு நல்ல மைதானமும் இல்லை, கோல் போஸ்ட்டில் வலையும் இல்லை. இருந்தாலும் பென்னாகரத்திலோ அரூரிலோ ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு முறையாகச் சொல்லிக் கொடுக்க நம்மில் ஒருவர் அந்தச் சான்றிதழை வாங்கினால், அடுத்த ஆண்டு மலரில் அவரைப் பற்றி எழுத நான் தயார்!